காலையில் மூன்று விநாடிச் சத்தம்: ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்து வாங்கினேன்

கார்த்திகை கடைசியில் தொடங்கியது. காலை ஐந்தரைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்தால், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சினில் ஒரு சடசடப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் நின்றுவிடும். அதன்பிறகு நாள் முழுக்கச் சத்தமே இருக்காது. திருப்பூரில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தாலும் வராது. மறுநாள் காலை மறுபடி அதே மூன்று விநாடி. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் நிமிர்ந்து, "ஏங்கண்ணு, வண்டி பல்லைக் கடிக்குது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று பட்டது.

வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல். காங்கயம் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களம் இருக்கிறது. வண்டி நிற்பதும் களத்து ஓரத்தில்தான். வாரத்தில் நாலைந்து நாள் திருப்பூர் போய் வருவேன், மாதம் ஒருமுறை கோயம்புத்தூர். பத்து வருஷமாக எஞ்சினைத் திறந்ததில்லை, திறக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. அதனால் இந்தச் சத்தம் எனக்கு லேசான விஷயமாகப் படவில்லை.

முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். அளவு மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே, சரியாக இருந்தது. பில்லில் ஆயிலின் தரம் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தது, அதுவும் சரி. அப்புறம் டாஷ்போர்டைக் கவனித்தேன். ஸ்டார்ட் ஆனதும் பட்டென்று அணைய வேண்டிய சிவப்பு ஆயில் விளக்கு, காலையில் மட்டும் மூன்று விநாடி எரிந்து, சத்தம் நிற்கும் அதே நேரத்தில் அணைந்தது. அந்த விளக்கைப் பலரும் ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு என்று நினைக்கிறார்கள். அது காட்டுவது அளவை அல்ல, அழுத்தத்தை. சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நிறைய ஆயில் இருந்தாலும் மேலே ஏறவில்லை என்றால் எரியும்.

எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்க இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் வந்து சேரும்வரை செயின் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். ஆக, ராத்திரி முழுக்க நிற்கும்போது எங்கோ ஆயில் கீழே வடிந்துவிடுகிறது, காலையில் பம்ப் முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. சத்தம் தொடங்கிய நாளைப் பின்னோக்கி எண்ணினால், நாலு மாதத்துக்கு முன் வெளியூரில் ஒரு பட்டறையில் அவசரத்துக்கு சர்வீஸ் செய்த இடத்தில் போய் நின்றது. செய்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது. குளிர் ஏற ஏறச் சத்தம் கூடியது.

சர்வீஸில் மாற்றியது ஆயிலையும், அதை வடிகட்டும் டப்பாவான ஆயில் ஃபில்டரையும்தான். வண்டிக்கடியில் டார்ச் அடித்து அந்த ஃபில்டரைப் பார்த்தேன். வழக்கமாக இருக்கும் ஃபில்டர் இல்லை. வேறு நிறம், பெயர் கேள்விப்படாத ஒரு ஸ்டிக்கர், விரல்கடை அளவு நீளமும் அதிகம். சர்வீஸ் முடிந்ததும் குனிந்து பார்க்காதது என் தப்பு. பார்த்திருந்தாலும் அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றியிருக்காது.

ஃபில்டரை வாங்குவது என்றால் என்ன பார்த்து வாங்குவது? நான் கடைகளில் கேட்டவரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மரை பொருந்துச்சுன்னா போதுங்க." இந்த வாக்கியம்தான் என்னை லேத் பட்டறை வரைக்கும் கொண்டுபோனது.

சுசுகி எஞ்சினில் ஃபில்டர் ஏறும் மரை எம் 20, அதாவது விட்டம் 20 மில்லிமீட்டர்; பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி, 1.5 மில்லிமீட்டர். ஹூண்டாய், ஹோண்டா கார்கள் பலவற்றிலும் இதே மரைதான். அதனால் அந்த ஃபில்டர்களில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாலும் அழகாகச் சுற்றிக்கொண்டு ஏறும். ஆனால் ரப்பர் வளையத்தின் விட்டம் வேறாக இருக்கலாம், உள்ளே இருக்கும் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாக இன்னொரு சிக்கலும் உண்டு. டொயோட்டாவில் வரும் முக்கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 16 சுற்று. அதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர், பிட்ச் 1.59 கிட்ட. கண்ணுக்கு எம் 20 போலவே தெரியும். அதை நம் வண்டியில் ஏற்றினால் ஒரு சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். கை பலத்துக்கு வரவில்லை என்று ஸ்பேனர் போட்டு முறுக்கினால் எஞ்சின் பக்கத்து மரையே போய்விடும். கையால் லேசாகச் சுற்றும்போது ஏறாத ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், அது உங்கள் வண்டிக்கானது இல்லை.

கோயம்புத்தூருக்கு லோடு அனுப்பிய அன்று டாக்டர் நஞ்சப்பா ரோட்டில் இறங்கி மூன்று வகை வாங்கினேன். கார் கம்பெனியின் பெட்டியில் வருவது இரண்டு (ஒன்று அறுக்க, ஒன்று மாட்ட), பெயருள்ள ஃபில்டர் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு ஒன்று, அப்புறம் என் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்த அதே ஸ்டிக்கர் ஒன்று. "ஸ்விஃப்ட் ஃபில்டர்" என்று மட்டும் கேட்டதற்குக் கவுன்டரில் இருந்த பையன், "பெட்ரோலுங்களா டீசலுங்களாண்ணா?" என்றான். அவன் கேட்டது நியாயம். 1.3 டீசலுக்கு டப்பாவே கிடையாது. கூட்டுக்குள் இறங்கும் காகித எலிமென்ட் மட்டும் தனியாக வரும். போகும்போது ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் மாடல், வருஷம், சேஸிஸ் எண் மூன்றையும் காட்டிவிடலாம்.

விலை வித்தியாசத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மலிவானதற்கும் கம்பெனிப் பெட்டிக்கும் இடையே ஒரு ஆள் டிபன் சாப்பிடும் காசுகூட இல்லை.

காங்கயத்தில் எங்கள் எண்ணெய்ச் செக்குக்கு வேலை செய்து கொடுக்கும் லேத் பட்டறை அண்ணா ஒருவர் இருக்கிறார். எழுபது நெருங்குகிறது. புது ஃபில்டர்களைப் பையிலிருந்து எடுத்து வைத்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"புதுசை எதுக்குத் தம்பி அறுக்கோணும்?"

"உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கோணுங்ண்ணா."

"அம்பாசடருக்கு இந்தத் தொல்லையே இல்லை. நீளப் போல்ட்டு ஒண்ணு, அதைக் கழட்டினா கிண்ணம் கையில வந்துரும். மண்ணெண்ணெயில கழுவி, எலிமென்ட்டை மாத்திப் போட்டா ஆச்சு. எல்லாம் கண்ணுக்குத் தெரியும்." சொல்லிக்கொண்டே முதல் டப்பாவை லேத்தின் சக்கில் பிடித்து, அடித்தட்டு மடித்துச் சேரும் விளிம்புக்குச் சற்று மேலே கத்தியை வைத்தார். ஒரு நிமிஷத்தில் மூடி கழன்று விழுந்தது.

மூன்றையும் பிரித்து, விரித்த பனியன் வேஸ்ட் மேல் வரிசையாக வைத்தோம். வெளியே மூன்றும் தகர டப்பாக்கள்தான். உள்ளே ஒரே பொருள் என்று சொல்லவே முடியாது.

ஃபில்டரின் அடித்தட்டில் நடுவே மரை போட்ட பெரிய துளை, அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஆயில் சின்னத் துளைகள் வழியாக உள்ளே வந்து, மடித்த காகிதத்தை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. சின்னத் துளைகளுக்குப் பின்னால் வட்டமாக ஒரு ரப்பர் மடல். ஆயில் உள்ளே வரும்போது விலகும், எஞ்சின் நின்றதும் துளைகளை மூடி, ஆயில் சம்புக்குத் திரும்ப வடியாமல் தடுக்கும். ஃபில்டர் வாய் மேல் பார்த்து நிமிர்ந்து உட்காரும் எஞ்சினில் இந்த மடல் கெட்டாலும் பெரிதாகத் தெரியாது. என் வண்டியில் ஃபில்டர் படுத்த மாதிரி இருக்கிறது. மடல் சரியாக மூடவில்லை என்றால் ராத்திரியில் பாதி டப்பா காலி.

கம்பெனிப் பெட்டியில் வந்ததன் மடல் கருப்பு. விரலால் வளைத்துவிட்டால் உடனே பழைய வடிவத்துக்கு வந்தது, தட்டோடு முழு வட்டமும் ஒட்டி நின்றது. பெயருள்ள கம்பெனியினுடையது ஆரஞ்சு நிறம், சிலிக்கான். அது இன்னும் மெதுமெது என்று இருந்தது. கருப்பு நைட்ரைல் ரப்பர் சூட்டிலேயே கிடந்து நாளடைவில் இறுகும், சிலிக்கான் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. ஆனால் நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், ஆரஞ்சு நிறத்தில் எந்த ரப்பரையும் செய்யலாம். மலிவானதில் மடல் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சைக்கிள் டியூபை வெட்டியது போலத் தடிமனாக, விறைப்பாக இருந்தது. ஒரு பக்கம் தட்டிலிருந்து நூல் அளவு தூக்கியும் நின்றது. வாங்கிய அன்றே, ஒரு சொட்டு ஆயில் படாமலேயே.

அடுத்து பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ காகிதத்தின் இரு பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் ஏறும். அது ஒரு அளவைத் தாண்டியதும் (பெரும்பாலான கார் ஃபில்டர்களில் 1 பாருக்கு முன்பின்; பார் என்பது அழுத்தத்தின் அலகு) இந்த ஸ்பிரிங் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை எஞ்சினுக்கு விடும். அழுக்கு ஆயில் கெடுதல்தான், ஆயிலே இல்லாமல் போவது அதைவிடக் கெடுதல் என்ற கணக்கு. சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சினிலேயே இருக்கும், அந்த ஃபில்டரில் வால்வு இருக்காது. மரை பொருந்துகிறது என்று அதைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் பைபாஸே கிடையாது என்று ஆகிவிடும். என் மூன்றிலும் வால்வு இருந்தது. மலிவானதின் ஸ்பிரிங்கை அண்ணா பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, "இது ஊதினாலே திறந்துக்கும்" என்றார். அவ்வளவு லேசாக இருந்தால் பாதி நேரம் ஆயில் காகிதத்தைத் தொடாமலேயே போய்க்கொண்டிருக்கும்.

காகிதத்தை விரித்து அளந்தோம். கம்பெனிப் பெட்டியினுடையதில் 46 மடிப்பு. மடிப்புக்கு 24 மில்லிமீட்டர், அகலம் 50. மொத்தம் 550 சதுர சென்டிமீட்டர் சொச்சம். மலிவானதில் 31 மடிப்பு, 370 சதுர சென்டிமீட்டர்தான். டப்பா நீளமாக இருந்தது, உள்ளே காகிதம் குறைவு. மிச்ச இடத்தை ஸ்பிரிங் நிரப்பியிருந்தது. மடிப்புகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் விரிந்தும் கிடந்தன. காகிதத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போய், நகம் நுழையும் அளவுக்குப் பிளவு. அந்தப் பிளவு வழியாக எதுவும் போகும், காகிதம் எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? மடிப்பு எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் மட்டும் நல்ல ஃபில்டர் ஆகிவிடாது, சீரான மடிப்பும் மூடிய மூட்டும் அதைவிட முக்கியம் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மைக்ரான் கணக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். பேரிங்கைத் தேய்ப்பது அதைவிடச் சின்னது, பத்து இருபது மைக்ரான் தூள். பெட்டியில் "20 மைக்ரான்" என்று மட்டும் போட்டிருந்தால் அதில் ஒரு தகவலும் இல்லை. 20 மைக்ரான் தூளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதியைப் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான், 99 சதவீதம் பிடிப்பதும் 20 மைக்ரான் ஃபில்டர்தான். இதை அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 4548-12 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அதன்படி அளந்த எண்ணை வெளியிடும் கம்பெனிமேல் எனக்குக் கூடுதல் நம்பிக்கை. களத்துத் தூசியில் நிற்கும் வண்டி என்பதால் ஏர் ஃபில்டரையும் அன்றே கழற்றித் தட்டினேன். வெளித்தூசியை முதலில் நிறுத்த வேண்டியது அதுதான். அங்கே ஓட்டை விட்டுவிட்டு ஆயில் ஃபில்டரிடம் கணக்குக் கேட்பது முறையல்ல.

பெயருள்ள கம்பெனியினுடையது எந்த வகையிலும் சோடை இல்லை. ஆனாலும் கம்பெனிப் பெட்டியில் வந்ததையே மாட்டினேன். கையேடு சொல்வது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். நான் அதற்குமேல் ஓட்டப்போவதில்லை, அதற்கு இந்தக் காகிதம் போதும். 20,000 ஓட்டுகிறவர்கள் சிந்தெட்டிக் இழை கலந்ததைத் தேடலாம்.

மாட்டியது ஞாயிற்றுக்கிழமை. நாலு கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை வெதுவெதுப்பாக்கி, சமதளத்தில் ஜாக்கி ஏற்றி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காதீர்கள். ஆயிலை வடித்து, சம்ப் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டேன். பழைய ஃபில்டர் கைக்கு அசையவே இல்லை, முன்பு மாட்டியவர் ஸ்பேனரால் இறுக்கியிருக்கிறார். பெல்ட் ஸ்பேனர் போட்டுத்தான் வந்தது. கழன்றதும் முதல் வேலையாக அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று பார்த்தேன். சில சமயம் அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் அதன்மேல் புதிதை ஏற்றினால் இரண்டு வளையம் ஆகி, ரோட்டில் ஆயில் முழுவதையும் கொட்டிவிடும்.

உட்காரும் இடத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்தேன். புது ஃபில்டரில் பாதி அளவு ஆயில் ஊற்றி, காகிதம் உறிஞ்சும்வரை காத்திருந்தேன். வளையத்தில் விரலால் ஆயில் தடவினேன். உலர்ந்த ரப்பர் முறுக்கும்போது சுருண்டுகொள்ளும். கையால் சுற்றி, வளையம் தொட்ட இடத்தில் டப்பாமேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து முக்கால் சுற்று. கையாலேயே, ஸ்பேனர் இல்லாமல். தேதியும் கிலோமீட்டரும் டப்பாவிலேயே எழுதிவிட்டேன். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விளக்கு அணையும்வரை இருந்து, இரண்டு நிமிஷம் ஓடவிட்டுக் கசிவு பார்த்தேன். நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்துக் கம்பியில் அளவு பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஃபில்டர் குடித்த பங்கு. அதை ஊற்றிச் சரிசெய்தேன். பழைய ஆயிலைக் கேனில் பிடித்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டேன், மொத்தமாக எடுத்துப் போகிறவர் அங்கே வருவார்.

அன்று சாயங்காலமே பழைய ஃபில்டரை அண்ணாவிடம் கொண்டுபோனேன். "இதுல கத்தி போட வேண்டாங்ண்ணா, எஞ்சின் தூள் எது, லேத் தூள் எதுன்னு தெரியாமப் போயிரும்" என்றேன். அவர் யோசித்து, டூல் போஸ்டில் உருளும் சக்கரக் கட்டரை மாட்டி, மெல்ல மெல்ல அழுத்தினார். ஒரு துளி தூள் விழாமல் பிளந்தது. காகிதத்தைப் பிழிந்து விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், காந்தத்தை மேலே ஓட்டினேன். உலோகத் தூளின் மினுக்கம் ஏதும் இல்லை, எஞ்சின் தேயவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. மடலைத் தொட்டுப் பார்த்தோம். நாலே மாதத்தில் ஓரம் சுருண்டு, வளைத்தால் வெடிக்கும் அளவுக்கு இறுகிப் போயிருந்தது. துளைகளில் பாதியை அது மூடவே இல்லை.

மறுநாள் காலை ஐந்தரை. சாவியைத் திருப்பினேன், விளக்கு உடனே அணைந்தது, எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. அம்மா கோலத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அதன்பிறகு ஒரே ஒருமுறை, பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒன்பது நாள் வண்டி அசையாமல் நின்ற பிறகு, ஒரு விநாடிக்கும் குறைவாகச் சின்னதாக ஒரு சலசலப்பு கேட்டது. அவ்வளவு நாள் நின்றால் எந்த மடலும் கொஞ்சம் விடத்தான் செய்யும்.

கடையில் டப்பாவை அறுக்க முடியாது. அதற்கு நான் இப்போது செய்வது இதுதான்: தென்னை ஈர்க்கு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன். வெளிச்சத்தில் பிடித்து, சின்னத் துளை வழியாக ஈர்க்கு நுனியால் மடலை லேசாகத் தள்ளுகிறேன். பஞ்சு போல உள்ளே போய், எடுத்ததும் திரும்பி வந்து மூட வேண்டும். எல்லாத் துளையிலும். தகரம் போலத் தட்டினாலோ, ஏதாவது ஒரு துளை வழியாகக் காகிதம் கண்ணுக்குத் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கூடவே பெட்டியின் பார்ட் எண்ணும் டப்பாமேல் அச்சடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறேன். கம்பெனிப் பெட்டியிலும் போலி வருகிறது.

அறுத்த நாலு ஃபில்டரும் இப்போது லேத் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. போன வாரம் அண்ணாவின் மகன் தன் வேனுக்கு ஃபில்டர் வாங்கி வந்திருந்தான். அண்ணா அதைப் பிரிக்காமல் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "உள்ளே போயி விளக்கமாத்துல இருந்து ஒரு ஈர்க்கு உருவிட்டு வா" என்றார்.